நான்காவது பாண்

மூன்று பாண் (பிரெட்) கெட்டுப்போன பிறகு நான்காவதற்கு இறங்கினேன். முதலாவது செங்கல். இரண்டாவது ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் படுத்துக்கொண்டது. மூன்றாவது பார்க்க அழகாக இருந்தது, வாயில் வைத்தால் ரஸ்க். மூன்றையும் தின்று தீர்த்தது வீட்டில் இருப்பவர்கள்தான். அதனால் போன சனிக்கிழமை காலையில் நான் மா டின்னைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததுமே, மகன் சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

கடையில் விற்கிற பாண் மாதிரி ஒன்றை வீட்டு ஓவனில் சுட வேண்டும். ஆசை அவ்வளவுதான். இலங்கையில் முழுப் பாண் என்றால் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம். தராசில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு கணக்கு இருப்பதாலேயே எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. "பாட்டு போட்டுக்கிட்டு ஓட்டோவுல பாண் வாசலுக்கே வருது, ஒனக்கு என்னத்துக்குடா இந்த வேல?" என்று அம்மா கேட்பார். அந்தச் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு பீத்தோவன் போட்ட மெட்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "யாரு போட்டா என்ன, பாண் நல்லா இருக்கு" என்றார்.

முதல் மூன்றும் ஏன் கெட்டன என்று இப்போது ஓரளவு விளங்குகிறது. எங்கள் வீடு டிக்கோயாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில். ஜனவரிக் காலையில் குசினிக்குள் 16 பாகை. "பிசைந்து ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள், இரட்டிப்பாகும்" என்று செய்முறை எழுதுகிறவர்கள் கொழும்பிலோ சென்னையிலோ வியர்த்துக்கொண்டு எழுதுகிறார்கள். ஈஸ்ட்டும் உயிர்தானே, குளிரில் சுருண்டு கிடக்கும். பத்துப் பாகை குறைந்தால் அதன் வேகம் பாதியாகிவிடும். முதல் தடவை நான் மணி பார்த்து ஓவனில் வைத்தேன், உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. இரண்டாம் தடவை அம்மாவின் யோசனைப்படி சட்டியை விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுப்பைப் பார்த்த பக்கம் பொங்கியது, சுவரைப் பார்த்த பக்கம் தூங்கியது.

மூன்றாவது பாணில்தான் எனக்குக் கோபம். மா நன்றாகவே பொங்கியிருந்தது. ஆனால் நான் பின்பற்றிய செய்முறையில், பாணின் நடுவில் தெர்மோமீட்டரைக் குத்தினால் 98 பாகை காட்ட வேண்டும் என்று இருந்தது. குத்தினேன், 94. பத்து நிமிடம் கழித்து 95. இன்னும் பத்து நிமிடம், அதே 95. மேலே கறுக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது: இந்த உயரத்தில் தண்ணீரே 96 பாகையில் கொதித்துவிடுகிறது. 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். ஈரம் இருக்கும் வரை பாணின் உள்பக்கம் அதைத் தாண்டாது. 98 வரும் வரை காத்திருந்தால் பாண் காய்ந்து, கரிந்து, கடைசியில் நான்தான் கொதிப்பேன். அந்தப் பாண் ஆறிய பிறகு 428 கிராம்தான் இருந்தது. இந்த மலையில் பிறந்து வளர்ந்து, பருப்பு வேக நேரமெடுக்கிறது என்று தினமும் கேட்டு, இது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம். தண்ணி பில், அம்மாவின் பிரஷர் மாத்திரை, மகளின் சப்பாத்துக்குத் தையல், ஈஸ்ட், தகர அச்சு, மீன் பெட்டி. கடைசி இரண்டுக்காகத்தான் ஹட்டனுக்கே கிளம்பினேன், மற்றவை வீட்டில் சொல்ல ஒரு காரணம். இப்போது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை டவுன் இப்படித்தான் இருக்கும். ரயிலை விட்டு இறங்கும் ஆட்கள் வெள்ளை உடுப்பும் கம்பளித் தொப்பியுமாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். பில் கட்ட நின்ற நேரத்தில் ஒரு பாண் சுட்டிருக்கலாம்.

தகர வேலை செய்யும் அண்ணனிடம் போன கிழமையே அளவு கொடுத்திருந்தேன். நீளம் 20 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 10. "சிங்க் தகரமா, கறுப்புத் தகரமா?" என்று அப்போது கேட்டிருந்தார். கூரைக்குப் போடும் சிங்க் பூசிய தகரத்தைச் சூடாக்கிச் சாப்பாடு செய்யக்கூடாது என்பதால் கறுப்பையே சொன்னேன். மூலைகளை வெட்டி ஒட்டாமல், காகிதம் மடிப்பது போல மடித்து அடித்திருந்தார். அதனால் ஓட்டை இல்லை, பற்றவைத்த ஈயமும் இல்லை. விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், எங்கேயும் கீறவில்லை. விளிம்பைச் சுருட்டி உள்ளே ஒரு கம்பி விட்டிருக்கிறார். "ஒங்க பேரப்புள்ள காலத்துக்கும் இருக்கும் தம்பி" என்றார். கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மாவைக் குளிர் படாமல் மூடி வைக்கத்தான் மீன் பெட்டி, அது கிடைப்பது சுலபம். கரையோரத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றி வரும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளை விற்று முடிந்ததும் கடைக்கு வெளியே அடுக்கிவிடுவார்கள். சின்னதாக ஒன்றைக் கேட்டேன், சும்மாவே தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நல்லதண்ணி போகும் பஸ்ஸில் ஏறியதுதான் பிழை. எங்கள் ஊர் அதே பாதையில்தான் இருக்கிறது. மலைக்குப் போகச் சுத்தபத்தமாக வந்தவர்கள் நடுவில் சாளை வாசத்தோடு நான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு நெரிசலிலும் எனக்குச் சுற்றிலும் ஓர் அடி இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம், தேசிக்காய் தேய்த்து ஒரு தரம் கழுவினேன். அச்சுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் தடவி வெறும் ஓவனில் ஒரு மணித்தியாலம் சூடாக்கினேன். புகை வரும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். நான் திறக்க மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாலை மூன்றேமுக்காலுக்குப் பிசையத் தொடங்கினேன். கோதுமை மா 300 கிராம், தண்ணீர் 185, சீனி 12, மாஜரீன் 12, உப்பு 6, ஈஸ்ட் 4. மொத்தம் 519. சுடும்போது பத்து, பன்னிரண்டு வீதம் ஈரமாகப் போகும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்தேன். பதினைந்து நிமிடம் பிசைந்ததும் ஒரு துண்டை இழுத்துப் பிடித்தால் கிழியாமல், பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிந்தது. அப்புறம் மீன் பெட்டிக்குள் மூடிய சட்டி, இரண்டு பக்கமும் வெந்நீர் நிரப்பிய போத்தல். போத்தலைச் சுற்றத் துண்டு தேவைப்பட்டது. வீட்டிலிருந்த சிவப்புத் துண்டு மகளின் கழுத்தில் கட்டிக் கிடந்தது. அன்றைக்கு அவள் ஸ்பைடர்மேன்.

"ஸ்பைடர்மேனுக்குப் பின்னால துணி கெடயாது, அது சூப்பர்மேன்" என்றான் மகன். 1938இல் சூப்பர்மேன் வந்த நாளிலிருந்து முதுகில் துணி உண்டு, 1962இல் வந்த ஸ்பைடர்மேனுக்கு இல்லை, அவன் சொன்னது சரிதான். அவள் யோசித்துவிட்டு, "இந்த ஸ்பைடர்மேனுக்குக் குளுரும்" என்றாள். டிக்கோயாவில் அதற்கு மேல் யார் வாதாடுவது? துண்டு அவளிடமே இருந்தது. போத்தலுக்கு என் பழைய சாரத்தைச் சுற்றினேன். பத்து நிமிடத்தில் பெட்டிக்குள் 29 பாகை. "மாவு என்ன பச்சப் புள்ளயா, இப்பிடிப் போத்தித் தூங்க வைக்கிற?" என்று அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் கழித்து மூடியைத் திறந்தபோது மா சட்டி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். மகன்கூட வந்தான்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டில் சூப்பர் ஹீரோ படம், தமிழில் டப் செய்தது. அது மாறாத வழக்கம். அச்சில் இட்ட மா இரண்டாவது தரம் பொங்கி, விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை வந்ததும், ஆறு இருபதுக்கு 200 பாகையில் ஓவனுக்குள் போனது. நான் படத்துக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். பதினான்காவது நிமிடத்தில், ஹீரோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தபோது, கரண்ட் போய்விட்டது. அறையிலிருந்து இரண்டு பேர் "ஐயோ", குசினியிலிருந்து ஒரு "ஐயோ".

ஓவனைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. திறக்கவில்லை. உள்ளே இருந்த சூடுதான் அப்போது என் கையிருப்பு. பொங்குவது முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிடும், இனி விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தேன். இருட்டில் என் காலத்து ஹீரோவின் கதையைச் சொன்னேன். இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்த ஆள். டவுன் சலூனில் முடிவெட்டக் காத்திருக்கும்போது அட்டை கிழிந்த பழைய பிரதிகளில்தான் நான் அவரைப் படித்தேன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

"கரண்ட் இல்லாட்டி?" என்றாள் மகள்.

"ஒன்னும் செய்ய ஏலாது. சும்மா ஆளு."

"இப்ப அப்பா மாதிரியா?"

பதினேழு நிமிடத்தில் கரண்ட் வந்தது. ஹீரோ விழுந்து முடித்தார். பாணுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தேன், குத்திப் பார்த்தால் 94, உடனே எடுத்துவிட்டேன். அச்சைக் கவிழ்த்ததும் தானாக வழுக்கி விழுந்தது. அடியைத் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டுவது போல ஓசை. மேல்பக்கம் மட்டும் வெளுத்து, பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. கரண்ட் போகாமல் இருந்தாலும் அந்த வெடிப்பு வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம், மாவைச் சுருட்டிய மடிப்பு சரியாக ஒட்டவில்லை. அடுத்த தடவை மடிப்பைக் கீழே வைத்து நன்றாக அழுத்த வேண்டும், வேலையைப் பகலிலேயே முடிக்க வேண்டும்.

ஆறிய பிறகு தராசில் 458 கிராம்.

கட்டைச் சம்பலும் பருப்பும் வைத்துச் சாப்பிட்டோம். மகன் முனைத் துண்டைக் கேட்டு வாங்கினான். அம்மா ஒரு துண்டைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுவிட்டு, நாளைக்கு ரொட்டி சுடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தார். மகள் மட்டும் துண்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "லேசா மீன் வாசம்" என்றாள். எனக்கு வரவில்லை. இருந்தாலும் மறுநாள் பெட்டியை இன்னொரு தரம் தேசிக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காய வாசலில் வைத்தேன். மூன்று நாளாகிறது, வெயில்தான் வரவில்லை.