கோடு போடும் முன் தேதி பாருங்கள்

முதுகலைத் தொல்லியல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: அமெரிக்கத் தென்மேற்கில் வாழ்ந்த பழங்குடிகளான பண்டைய புவெப்லோ உழவர்களின் ஊர் எல்லைகளை எப்படிக் கண்டறிகிறார்கள்? எனக்கு ஒரே குஷி. ஊர்களைப் புள்ளிகளாகக் குறித்தேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நட்டநடுவே கோடு இழுத்து, அப்படிக் கிடைத்த தீசன் பலகோணங்களுக்குக் கலர் பென்சிலால் வண்ணமும் அடித்தேன். 15-க்கு 6 வந்தது.

ஏன் 6 என்பது பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவின் தென்மேற்குக் கொலராடோவில், மேசா வெர்டே வட்டாரத்தில், ஆயிரக்கணக்கான குடியிருப்புத் தடயங்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே காலத்தில் ஆள் இருந்ததில்லை. கி.பி. 900 வாக்கில் காலியான ஊருக்கும் 1250-க்குப் பிறகு எழுந்த ஊருக்கும் நடுவே நான் எல்லை போட்டிருந்தேன்! அதனால் முதல் வேலை தேதி. உத்தரக்கட்டையின் மரவளையம், வெளி வளையம் அழியாமல் இருந்தால், மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடும். ஆனால் பழைய வீட்டு மரத்தைப் புது வீட்டுக்கு எடுத்துப்போவதும் நடந்தது. பெரும்பாலான இடங்களைத் தோண்டவும் இல்லை. அங்கெல்லாம் தரையில் கிடக்கும் பானையோட்டின் பாணிதான் துணை.

அப்புறம் நடைதூரம். மார்க் வேரியன் என்ற ஆய்வாளர் மூன்று தூரங்களை வைத்துக்கொண்டார்: தீவிரமாகப் பயிரிடும் மக்காச்சோள நிலத்துக்கு 2 கிலோமீட்டர், வயலுக்குப் போகக்கூடிய அதிகபட்சம் 7, ஒரே நாளில் போய்த் திரும்ப 18. இரண்டு ஊர்களின் 2 கிலோமீட்டர் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அங்கே நிலத்துக்கு இழுபறி இருந்திருக்கலாம். இதிலும் ஒரு சிக்கல்: நடுவில் செங்குத்தான பள்ளத்தாக்கு கிடந்தால் வட்டம் நசுங்கிப் போகும். காகிதத் தூரத்தை விட்டுவிட்டு, நடப்பதற்கு ஆகும் உழைப்பை அளக்க வேண்டும்.

பயிர் செய்த இடத்துக்கு அடையாளமாகத் தரையில் தேட வேண்டியவை ஒற்றை அறை வயல்குடில்கள், ஓடைகளுக்குக் குறுக்கே அடுக்கிய கல்லணைகள். புவெப்லோ வழிவந்த பிற்கால ஹோப்பி மக்கள் குலச்சின்னம் பொறித்த கற்களை நிலத்தின் மூலைகளில் நட்டிருக்கிறார்கள். விடையில் இதைச் சேர்க்கலாம், ஆனால் 13-ஆம் நூற்றாண்டிலும் அப்படியே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்க்கூட்டங்களுக்கு இடையே வெற்றிடம் தெரிந்தால் உடனே ‘பகையால் விட்ட நிலம்’ என்று எழுதத் தோன்றும். பகை இருந்தது உண்மைதான். 1280 வாக்கில் இதே வட்டாரத்தின் காசில் ராக் ஊரில் குறைந்தது 41 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் முதலில் மண்ணைப் பாருங்கள். விளையாத மண்ணாகவும் இருக்கலாம்.

மறுமுறை எழுதியபோது விடையின் கடைசியில்தான் வரைபடம் போட்டேன். எல்லைகளைப் புள்ளிக்கோடுகளாகவே விட்டேன். கலர் பென்சிலைத் தொடவில்லை.