கண்மாய்ப் பாதைக்காக ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றியபோது

கானாடுகாத்தானுக்கு அப்பால் எங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை கண்மாய்க்கரையை ஒட்டியே செல்கிறது. ஐப்பசி மழையில் செம்மண் அரித்து, மிகுநீர் வழியும் கலுங்குப் பக்கம் ஆழமான ஓடை விழுந்துவிடுவதால், எங்கள் எஸ்யூவியின் ஒரு முன்சக்கரம் அதில் இறங்கும்போது எதிர்மூலைப் பின்சக்கரம் தரையை விட்டெழுந்து வெறுமனே சுழலும். முன்பக்க ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றினால் இது எவ்வளவு குறையும் என்று பார்க்க விரும்பினேன்.

ஸ்டெபிலைசர் பார் என்பது ‘ப’ வடிவில் வளைந்த எஃகுக் கம்பி. இதன் நடுப்பகுதியை ரப்பர் புஷ்களும் கிளாம்புகளும் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கின்றன. இரு நுனிகளும் லிங்க் ராடுகள் என்ற சிறு கம்பிகள் வழியாக, சக்கரங்களைத் தாங்கும் இருபுற லோயர் ஆர்ம்களோடு இணைகின்றன. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது கம்பி புஷ்ஷுக்குள் திரும்பிக்கொடுக்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சாயும்போதோ முறுக்கிக்கொண்டு அந்தச் சாய்வை எதிர்க்கும். தார்ச்சாலையில் நம்மைக் காக்கும் இந்த முறுக்குதான், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில் அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரின் பட்டறையிலேயே வேலையைச் செய்தோம். “ரெண்டு பக்கத்தையும் சமமாத் தூக்காம நட்டைத் தொடாதீங்கண்ணே” என்பதுதான் அவர் முதலில் சொன்னது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்தால் கம்பி முறுக்கேறி நிற்கும். அந்நிலையில் லிங்கைக் கழற்றினால் அது விடுபட்டுக் கையில் அடித்துவிடும். ஆகவே பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சேஸிஸுக்கு இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, இரு முன்சக்கரங்களும் ஒரே அளவில் தொங்குவதை உறுதிசெய்த பிறகே எஞ்சினுக்கு அடியிலிருந்த தகட்டைக் கழற்றினோம்.

நேரம் முழுவதையும் தின்றவை லிங்க் ராடின் நட்டுகள்தாம். இரும்பு அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனாலும் துரு எங்கள் நட்டுக்குச் சலுகை ஏதும் காட்டவில்லை. மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டோம். அதன் பிறகும் ஸ்பானரைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து, லிங்க் முனையிலுள்ள பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டின் தண்டும் சுற்றியது. தண்டின் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்பியதும் கிறீச்சென்ற ஒலியோடு அது இளகியது. கிளாம்பு போல்ட்டுகள் எளிதாக வந்தன. கடைசி போல்ட்டை எடுக்குமுன் இன்னொருவர் கம்பியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதன் எடை தோற்றத்தைவிட அதிகம்.

கலுங்கு ஓடையில் மாற்றம் தெரிந்தது. முன்சக்கரம் முன்பைவிட ஆழமாக இறங்கித் தரையைத் தொட்டது, பின்சக்கரம் எழும் உயரமும் குறைந்தது. ஆனால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள எங்கள் வண்டியில் இந்த ஆதாயத்துக்கு எல்லை உண்டு. முன்பக்கமும் இரு சக்கரங்களை ஒரே அச்சு இணைக்கும் ரிஜிட் ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கே இதனால் பெரும்பயன். ஜீப் ராங்ளர் ரூபிகானில் முன்பக்கப் பாரைப் பொத்தான் அழுத்தி விடுவிக்கும் வசதியிருக்கிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகவே மறுபடி இணைந்துவிடும். வேகத்தில் இந்தப் பார் தேவை என்பதை அந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது.

திருச்சி நெடுஞ்சாலைக்கு வந்ததும் அதன் பொருள் விளங்கியது. மிதமான வேகத்தில்கூட வளைவுகளில் வண்டி சாய்ந்துகொண்டே போனது. முந்திச்சென்று பழைய தடத்துக்குத் திரும்பும்போது உடல் ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் ஆடித்தான் நின்றது. முன்பக்கப் பார் மட்டும் இல்லாதபோது சாய்வைத் தாங்கும் பங்கு பின்பக்கத்துக்கு மாறுவதால், வளைவில் பின்பகுதி விலகும் போக்கும் கூடும். குடும்பத்தோடு செல்லும் உயரமான வண்டியில் இதை நிரந்தரமாக நீக்குவதை நான் ஏற்கமாட்டேன். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவும் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே புதிய புஷ், புதிய லிங்க் ராடு, புதிய லாக் நட்டு ஆகியவற்றோடு பாரைத் திரும்பப் பொருத்தினோம். சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகே, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுதியாக முறுக்கினோம். ஆத்தங்குடிச் சாலையின் மேடுபள்ளங்களில் வெகுநாளாகக் கேட்ட ‘டொக் டொக்’ சத்தம் பார் இல்லாதபோது அடியோடு நின்றிருந்தது, மறுபடி பொருத்திய பிறகும் வரவில்லை. கழற்றிய பழைய லிங்க்கின் பால் ஜாயின்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தபோது அது தளர்ந்து ஆடியது.