திங்கள் காலையும் ஸ்பிண்டிலும்

சனிக்கிழமை ஏர்கானை அணைத்துவிட்டுப் போனால், திங்கள் காலை சிங்கப்பூர் துவாஸின் ஈரக்காற்று, உலோகம் வெட்டும் மெஷினின் குளிர்ந்த இரும்பில் வியர்த்திருக்கும். முதல் வேலையாக, வெட்டும் டூலைப் பிடித்துச் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் டேப்பரை, அதாவது டூல் உட்காரும் கூம்புக் குழியை, துடைப்பேன்.

எடுத்த எடுப்பில் 20,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 20,000 சுற்று) கொடுப்பதில்லை. 3,000-இல் ஓடவிட்டு, அப்புறம் 6,000, 12,000 என்று ஏற்றுவேன். கிரீஸ் பேரிங் பந்துகளைச் சுற்றிச் சீராகப் பரவ வேண்டுமே. தண்டும் சூட்டில் சில மைக்ரான் நீளும். அதற்கு முன் டூலின் நீளத்தை அளந்தால் இசட் அளவு, அதாவது மேல்-கீழ் அளவு, பிசகும்.

இருபது நிமிடம். அதற்குள் ஒரு கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) முடிந்துவிடும்.

போன வருடம் ஒரு தம்பி ஸ்பிண்டில் மூக்கில் காற்றைப் பீய்ச்சும் ஏர்கன்னை நேராகப் பிடித்தான். "சுத்தம் பண்ணினேன் அண்ணே" என்றான். வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் திரவம் உள்ளே போய், சில வாரத்தில் பேரிங் விசிலடித்தது. திட்டு எனக்கு.