ராகிங் புகாரை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

ஹாஸ்டலில் நடக்கும் ராகிங் புகார்களில் பல, வார்டன் அறையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. பர்ஸ்ட் இயர் பையன் போய் வாயால் சொல்கிறான். வார்டன் சீனியர்களையும் அழைத்து இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறார். "அண்ணன் தம்பியா இருக்க வேண்டியவங்கப்பா" என்று பேசி, ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். போட்டுக்கொடுத்தது யார் என்று அன்று இரவே மாடி முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் நடப்பது இன்னும் மோசமாக இருக்கும், அதை அவன் யாரிடமும் சொல்லமாட்டான்.

இப்படிச் சமாதானம் பேசி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரிக்கு வெளியே, வாடகை வீட்டில் நடந்தாலும் பொருந்தும். மாணவரோ பெற்றோரோ ஆசிரியரோ எழுத்தில் புகார் கொடுத்தால், கல்லூரித் தலைவர் உடனே விசாரித்தாக வேண்டும். முகாந்திரம் இருந்தால் சஸ்பெண்ட் செய்தாக வேண்டும். அலட்சியம் காட்டினால் அவரே குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார். வாயால் சொன்னதை "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று மறுத்துவிடலாம். தேதியோடு முத்திரை விழுந்த காகிதத்தை அப்படி மறுக்க முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2009 விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடந்தது கிரிமினல் குற்றம் என்றால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். 2016இல் செய்த திருத்தம் சாதி, மதம், நிறம், பாலினம், மொழி, ஊர், வசதி இவற்றைச் சொல்லி வதைப்பதையும் ஒதுக்கி வைப்பதையும் ராகிங் என்றே சேர்த்தது. "எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்?" என்று சீனியர்கள் இன்ட்ரோ (அறிமுகம்) கேட்பதன் உள்நோக்கம் பல நேரம் சாதியை மோப்பம் பிடிப்பதுதான். பட்டியலின, பழங்குடி மாணவரைப் பிற சாதியினர் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் இடம் இருக்கிறது.

சம்பவம் நடந்த இரவே எழுதி வையுங்கள். தேதி, மணி, அறை எண், யார் யார் இருந்தார்கள், என்ன செய்யச் சொன்னார்கள். திட்டிய சொற்களை நாகரிகப்படுத்தாமல் அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினார்" என்ற வரி விசாரணையில் எதற்கும் உதவாது. வாட்ஸ்அப் மிரட்டல் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அனுப்பியவர் எண் தெரிகிற மாதிரி மொத்த உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். கோபத்தில் குரூப்பை அழித்துவிட்டு வெளியேறுவதால் கையில் இருந்த ஆதாரமே போய்விடுகிறது.

அடி பட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மைக் காரணத்தைச் சொல்லி ஏ.ஆர். காப்பி (காயத்தையும் காரணத்தையும் டாக்டர் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) போடச் சொல்லுங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டால் பிறகு வழக்கு நிற்காது. காயமே தெரியாத ஆபத்தும் உண்டு. நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைத்தால் தொடைத் தசை சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதைக்கு (ராகிங்குக்கு அங்கே வழங்கும் பெயர்) பின் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார். அந்த நாட்டின் தடைச் சட்டம் அதற்கடுத்த ஆண்டு வந்தது.

பாதிக்கப்பட்டவரே புகார் தர வேண்டும் என்பதில்லை. ரூம்மேட் ராகிங் தடுப்பு உதவி மையத்தின் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பாதிக்கப்பட்டவன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டால், இரவெல்லாம் யாருக்கோ ரெக்கார்டு எழுதினால், வீட்டில் திரும்பத் திரும்பப் பணம் கேட்டால், அதை முதலில் பார்ப்பவர் ரூம்மேட்தான்.

கல்லூரிகள் செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். முதல் 3 மாதங்கள், 15 நாளுக்கு ஒருமுறை, முதலாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காத சர்வே எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பல இடங்களில் அதைக் கல்லூரி மெயிலில் லாகின் செய்யும் கூகுள் ஃபார்மாக அனுப்புகிறார்கள். லாகின் கேட்கும் படிவத்தில் எந்த மாணவரும் உண்மை எழுதமாட்டார். கையெழுத்து தெரியாதபடி டிக் அடிக்கும் தாள் கொடுங்கள். அதை வார்டன் வாங்கக் கூடாது, வேறு துறை ஆசிரியர் வாங்கட்டும். எந்த மாடி, எந்த நேரம் என்று இரண்டு கேள்வி இருந்தாலே ராகிங்கைத் தடுக்க ரோந்து போகும் ஸ்குவாடு எங்கே, எப்போது போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பகல் 11 மணிக்கு வகுப்பறை வாசலில் ரவுண்ட்ஸ் போவதால் பயனில்லை. இரவு 11 மணிக்கு மொட்டை மாடிக்கும், பஸ் ஓடும் நேரத்தில் கல்லூரிப் பஸ்ஸின் கடைசி வரிசைக்கும் போக வேண்டும். புகார் வந்தால் அறை மாற்றப்பட வேண்டியவர் சீனியர்தான், புகார் கொடுத்தவர் அல்ல.

கல்லூரி அசையவில்லை என்றால் மாவட்ட அளவிலான ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போங்கள், அதன் தலைவர் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பெற்றோரே மனு கொடுக்கலாம். கல்லூரிக்குக் கொடுத்த புகாரின் நகலையும் ஏ.ஆர். காப்பியையும் சேர்த்துக் கொடுங்கள், மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.