காணியும் கிரவுண்டும்

மாதவரம் பக்கம் ஒரு பழைய கிரயப் பத்திரம் பார்க்கக் கிடைச்சுது. மடிப்பு மடிப்பா கிழிஞ்சு, செலோடேப் ஒட்டி, நடுவுல "நஞ்சை காணி ஒன்று". கூட இருந்த புரோக்கர் அண்ணன் கால்குலேட்டரைத் தொடவே இல்ல. "24 கிரவுண்டு நைனா!" சரியான கணக்குதான். கிரவுண்டு 2,400 சதுர அடி, அப்போ காணி 57,600, ஏறக்குறைய 1.32 ஏக்கர்.

ஆனா காணின்னா அளவு மட்டும் இல்ல. சோழர் கல்வெட்டுல அது பரம்பரை நில உரிமை. தொண்டை மண்டலத்துல காணியாட்சின்னு சொன்னதும் இதைத்தான். பின்னாடி வந்த 'மிராசு' அரபு வழி வந்த சொல், அதுக்கும் வாரிசுச் சொத்துன்னுதான் பொருள். சென்னைக் கலெக்டரா இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பத்தி எழுதினது 1818ல அச்சாச்சு. உழுதவனுக்கு அதுல என்ன பங்குங்கிறது வேற கதை, இங்க எழுதினா சண்டை வரும்.

கீழ்வாய் இலக்கம்னு சொல்ற பழைய தமிழ்ப் பின்னக் கணக்குல காணிங்கிறது ஒரு எண்ணும்கூட: காணி 1/80, அரைக்காணி 1/160. தஞ்சாவூர்க்காரங்க நிலத்தை மா, வேலின்னு அளப்பாங்க.

புழல், மணலி, மாத்தூர்க்காரங்க வீட்டுப் பீரோவுல பழைய பத்திரம் இருந்தா, என்ன அளவு போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கப்பா.