ஓரியூர்ச் செம்மண்

நானும் தம்பியும் மஞ்சள் காமாலையில் ஒரே பாயில் கிடந்த இரவில், அம்மா புனித அருளானந்தரிடம் (போர்ச்சுகலிலிருந்து வந்த மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோ) இருவருக்குமாகச் சேர்த்து ஒரே நேர்த்திதான் வைத்தார். நான் எழுந்தேன், அவன் எழவில்லை. ஆயினும் 31 ஆண்டுகளாக இரண்டு மெழுகுதிரிகளோடு, அவர் உயிர்நீத்த ஓரியூருக்கு நடந்தே வந்து கடன் தீர்த்தவர், முழங்கால் ஒத்துழைக்காத இந்த ஆண்டு அதை என் பொறுப்பில் விட்டார்.

திருவாடானையிலிருந்து செருப்பில்லாமல் நடந்து உள்ளங்கால் கொப்பளித்த பிறகுதான், இதே வெயிலில் அம்மா ஒரு சொல் முணுமுணுக்காமல் நடந்திருக்கிறார் என்பது உறைத்தது. திருத்தல வாசலில், குனிந்து அள்ளினால் கிடைக்கும் மண்ணைப் பொட்டலம் கட்டி விலை சொல்லி வழிமறித்தவர்களைக் கடப்பதற்குள், செபமாலையில் எத்தனையாவது மணி என்பதே மறந்துவிட்டது.

அருளானந்தரின் குருதி தோய்ந்து சிவந்ததென்று நம்பப்படும் மண்ணின்முன் முழந்தாளிட்டபோது எனக்குச் செபம் வரவில்லை, வழக்குத்தான் வந்தது. 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட அவரை இராமநாதபுரத்து அரசர் கிழவன் சேதுபதி விடுவித்தார். அதே சேதுபதியின் ஆட்சியில், திருமுழுக்குப் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தியான சேதுபதியின் உறவுப்பெண் முறையிட, 1693 பிப்ரவரி 4 அன்று, அதுவும் திருநீற்றுப் புதனன்று, இங்கே அருளானந்தரின் தலை வெட்டுண்டது. முதல்முறை தப்புவித்த இறைவனின் கரம் இரண்டாம் முறை ஏன் விலகி நின்றது? ஏன் என்னை இப்படிச் செய்தாய் என்று களிமண் குயவனைக் கேட்கலாமா என, உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் காட்டும் உவமை எனக்கு ஒருநாளும் ஆறுதல் தந்ததில்லை. களிமண்ணுக்குத் தாய் கிடையாது.

ஒரு பிடி அள்ளினேன். ஈரக் கையின் ரேகைகளில் செம்மண் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தட்டியும் உதிரவில்லை. அதைப் பார்த்தபடியே இருந்தபோது, பிழைப்பதற்கு நான் செய்த புண்ணியமும் ஒன்றுமில்லை, இறப்பதற்கு ஏழு வயதில் அவன் செய்த பாவமும் ஒன்றுமில்லை என்பதும், என் உயிரை எனக்குச் சேரவேண்டிய கூலியாகவே இதுவரை கணக்கில் வைத்திருந்தேன் என்பதும் ஒருசேரப் பட்டன. கேட்டதில் பாதி கிடைக்காமலேயே முழுக் கடனையும் கட்டிவந்த அம்மா, ஆண்டவர் என்னும் சொல்லை அதன் முழுப் பொருளில் சொல்லிவந்திருக்கிறார். நன்றி ஆண்டவரே, நன்றி என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை. பின்னால் வரிசை நெருக்கித் தள்ளியும் எழ முடியவில்லை.

இரண்டு திரிகளையும் ஏற்றிவிட்டு, அம்மா சொல்லியனுப்பியபடி மண்ணை இரண்டு முடிச்சாக முடிந்துகொண்டேன், ஒன்று எனக்கு, ஒன்று அவன் கல்லறைக்கு.