கவராயத்தில் பிடித்த கல் ஜன்னல்கள்

இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குத் தேவாலயங்களின் ஜன்னல்களைக் கவராயத்தால் வரைந்து பார்க்கும் என் வேலை 14ஆம் நூற்றாண்டை எட்டியிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டு அதிகம் படுத்தவில்லை. ஜன்னலின் அகலத்தையே ஆரமாக வைத்து, வளைவு தொடங்கும் இரு புள்ளிகளிலும் முள்ளை ஊன்றி இரண்டு விற்களை இழுத்தால் கூர்முனை வளைவு வந்துவிடும். மையங்களை வெளியே தள்ளி ஆரத்தைக் கூட்டினால் ஒடுங்கி உயர்ந்த ‘லான்செட்’ என்னும் வளைவு.

மனம் லயித்தது 1300க்குப் பிறகு பரவிய வலைப்பின்னல் ஜன்னலில்தான். வளைவின் மேற்பகுதி முழுவதும் மீன் வலையை இழுத்துக் கட்டியதுபோல ஒரே அளவுக் கண்கள். ஒவ்வொரு கண்ணும் நடுவில் உருண்டு, மேலும் கீழும் நெளிந்து கூராகிறது. இதற்கு எத்தனை மையங்கள் வேண்டுமோ என்று மலைத்திருந்தேன். ஒரே ஆரம் போதும்! ஒன்றையொன்று தொடும் வட்டங்களை வரிசையாக வரைந்து, அடுத்த வரிசையை அவற்றின் இடுக்குகளில் உட்கார வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் ஆறில் ஒரு பங்கை அழித்தால் வலை வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு வட்டத்தின் பக்கவாட்டில் ஏறும் கோடு, மேல் வட்டத்தைத் தொடும் இடத்தில் அதற்குத் தாவி, எதிர்ப்புறம் வளைந்து கூர்முனைக்குப் போகிறது. தொடுபுள்ளியும் இரு மையங்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஒட்டு தெரிவதில்லை.

கல்லுக்குத் தடிமன் உண்டு என்பதால், அதே மையங்களிலிருந்து ஆரத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் இன்னும் இரு கோடுகள் இழுக்க வேண்டும். அதற்குள் முள் குத்திக் குத்தித் தாள் சல்லடையாகிறது. அடியில் அட்டை வைப்பது நல்லது. கல்தச்சர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சாந்து பூசிய தரையிலேயே முழு அளவில் கீறிக்கொண்டார்கள். யார்க், வெல்ஸ் பேராலயங்களில் அத்தகைய தரைகள் இன்றும் இருக்கின்றன.

அடுத்து வந்தது நேர்கோட்டுப் பாணி. கல் சட்டங்கள் வளையாமல் வளைவு வரை நிமிர்ந்தே ஏறும். 1348இல் வந்த கொள்ளைநோயில் தேர்ந்த கைகள் மாண்டதால்தான் இந்த எளிமை என்று சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. குளோஸ்டர் மடாலயக் கோயிலில் 1330களிலேயே இந்தப் பாணி எட்டிப்பார்த்துவிட்டது. ஆட்கள் குறைந்தது அது பரவ உதவியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் போகுமுன் ஒரு கடன் பாக்கி: லிங்கன்ஷயரில் ஹெக்கிங்டன் தேவாலயத்தின் கிழக்கு ஜன்னல். ஏழு நெடும் பிரிவுகள். அவற்றின் மேல் தீப்பிழம்பாய் நெளியும் கல் பின்னல். வலைப்பின்னலின் ஒரே ஆரம் இங்கே செல்லாது. நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு வில்லிலும் மூன்று புள்ளிகள் குறித்து, நாண்களுக்கு மையக்குத்துக்கோடு போட்டு மையத்தைத் தேடுகிறேன். இடது பாதியில் பெரிய விற்களின் மையங்கள் கிடைத்துவிட்டன; சிறியவை கண்ணாமூச்சி காட்டுகின்றன. அவையும் பிடிபட்டால் டிரேசிங் தாளைத் திருப்பி வலது பாதியைப் போட்டுவிடுவேன்.